ஒரே ரோவில் ஊரை அடைக்கலாமா?



டேட்டாபேஸ் லேபில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த எர்ரரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மை எஸ்க்யூஎல்லில் 1118 என்று நம்பர் போட்டு வரும்: 'ரோ சைஸ் டூ லார்ஜ்'. ரோ பெருசா இருக்கு, கொள்ளாது என்று அர்த்தம். இது வந்தவுடன் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "ஏலே, லிமிட்டை எப்படிக் கூட்டுறது?" என்பதுதான். பக்கத்து சிஸ்டத்துக்காரன் ஒரு வழி சொல்வான், சீனியர் அண்ணன் வேறொரு வழி சொல்வார். ஆனால் "இந்த ரோ ஏன் இவ்வளவு நீளமாச்சு?" என்று கேட்பவர் மட்டும் யாரும் இருப்பதில்லை.

டேபிளைப் பிரிப்பதே முதல் வழி, லிமிட்டைக் கூட்டுவது கடைசி வழி என்பது என் கருத்து. இதை பரீட்சைக்குப் படிக்கிற நார்மலைசேஷன் பாடமாக மட்டும் நான் பார்க்கவில்லை. நம்ம கரிசக்காட்டு ஜனங்களுடைய பேரும் பங்கும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

எல்லை ஏன் வந்தது?

முதலில் இந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டேட்டாபேஸ் நம் டேட்டாவை டிஸ்க்கில் பக்கம் பக்கமாகத்தான் எழுதுகிறது. நோட்டுப் புத்தகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதும் வைப்பதும் முழுப் பக்கமாகத்தான்.

மை எஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் வழக்கமான பக்கம் 16 கிலோபைட். ஒரு பக்கத்தில் குறைந்தது 2 ரோ இருந்தால்தான் அதன் பி-ட்ரீ அமைப்பு ஒழுங்காக நிற்கும். ஆகவே ஒரு ரோ பாதிப் பக்கத்துக்குள், சுமார் 8,000 பைட்டுக்குள், அடங்க வேண்டும். இதற்கு மேல் இன்னொரு எல்லையும் உண்டு. டேபிளை உருவாக்கும்போதே எல்லா ஃபீல்டின் உச்ச அளவையும் கூட்டிப் பார்த்து, 65,535 பைட்டைத் தாண்டினால் டேபிளையே உருவாக்க விடாது. டெக்ஸ்ட், பிளாப் வகை ஃபீல்டுகள் மட்டும் இந்தக் கணக்கில் 9 முதல் 12 பைட்தான் பிடிக்கும்.

மற்றவை மட்டும் சளைத்தவையா? எஸ்க்யூஎல் சர்வரில் பக்கம் 8 கிலோபைட், ரோவுக்கு எல்லை 8,060 பைட். போஸ்ட்கிரஸிலும் பக்கம் 8 கிலோபைட்தான். ஒரு ரோ இரண்டு பக்கத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தக் காலத்து டிபேஸ் 3 பிளஸில் ஒரு ரெக்கார்டுக்கு 4,000 பைட், 128 ஃபீல்டு. அதற்கு மேல் கிடையாது.

கூட்ட முடியாதா என்றால், முடியும். மை எஸ்க்யூஎல் 5.7 முதல் பக்கத்தை 32 அல்லது 64 கிலோபைட்டாக வைக்கலாம். ஆனால் டேட்டாபேஸை முதன்முதலில் நிறுவும்போதே சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் மாற்ற வேண்டுமென்றால் எல்லா டேட்டாவையும் வெளியே எடுத்து, புதிதாக நிறுவி, மறுபடி உள்ளே கொட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்டு 64 கிலோபைட் பக்கம் வைத்தாலும் ரோவுக்குக் கிடைப்பது சுமார் 16 கிலோபைட்தான். பக்கம் நாலு மடங்கு, ரோ ரெண்டே மடங்கு! ஒரு ஆள் பெயரைப் படிக்கவும் அந்தப் பெரிய பக்கம் முழுசும் மெமரிக்கு வந்தாக வேண்டும் என்பது தனிச் செலவு.

எழுதியவர்கள் என்ன செய்தார்கள்?

போஸ்ட்கிரஸின் கதையைக் கேளுங்கள். 2001க்கு முன் அதில் ரோ போதவில்லை என்றால், மூல நிரலில் பக்க அளவை 32 கிலோபைட் வரை கூட்டி, மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பலர் அப்படித்தான் செய்தார்கள். 32க்கும் மேலே தேவைப்பட்டால்? அங்கே வழி அடைத்துவிடும்.

2001இல் வந்த 7.1 பதிப்பில் யான் வீக் என்பவர் முன்னின்று ஒரு தீர்வு செய்தார். அதற்கு டோஸ்ட் என்று பெயர். ரோ சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டினால், அதிலுள்ள நீளமான மதிப்பைச் சுருக்கும். அப்படியும் கொள்ளாவிட்டால் துண்டு துண்டாக்கி வேறொரு டேபிளில் வைக்கும். அசல் ரோவில் "மீதி அங்கே இருக்கு" என்று 18 பைட் அடையாளம் மட்டும் நிற்கும். இந்த முறையில் ஒரு மதிப்பு 1 ஜிகாபைட் வரை போகலாம். எஸ்க்யூஎல் சர்வரும் 2005 பதிப்பில் இதே மாதிரி நீளமானதை வெளியே வைத்து 24 பைட் அடையாளம் விட்டது.

கவனித்தீர்களா நண்பர்களே? டேட்டாபேஸை எழுதியவர்களே பெட்டியைப் பெருசாக்கவில்லை, டேபிளைப் பிரித்தார்கள்! நம்ம ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அதிகமாகிவிட்டது என்று யாராவது பெட்டியை நீட்டுகிறார்களா? இன்னொரு பெட்டி எடுத்து அடைக்கிறார்கள். 600 பெட்டி சேர்த்து ஒரு பண்டல் போடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் அத்தை, பெரியம்மாமார் கைக்குத் தெரிந்த இந்த வித்தை கீபோர்டைத் தொட்டதும் நமக்கு மறந்துவிடுவது ஏன்?

கூட்டுப் பட்டா கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கூட்டுப் பட்டா தெரியும். பூட்டன் பெயரில் இருந்த நிலம் பிரிக்கப்படாமலே இறங்கி, ஒரே பட்டாவில் பத்துப் பேர், இருபது பேர், அதற்கு மேலும் இருப்பார்கள். இதற்கு டேபிள் போடச் சொன்னால் நம்மில் பலர் போடுவது: பட்டா எண், பெயர்1, தந்தை1, முகவரி1, பெயர்2, தந்தை2, முகவரி2... இப்படியே போகும்.

கணக்குப் போடுவோம். பெயருக்கு 100 எழுத்து, தந்தை அல்லது கணவர் பெயருக்கு 100, முகவரிக்கு 250. ஆக ஒருவருக்கு 450 எழுத்து. மை எஸ்க்யூஎல் ஒரு எழுத்துக்கு 4 பைட் என்று பிடிப்பதால் ஒருவருக்கு 1,800 பைட். 40 பேருக்கு இடம் வைத்தால் 72,000 பைட். 65,535ஐத் தாண்டியாச்சு, எர்ரர்!

சரி, 20 பேரோடு நிறுத்துவோம் என்கிறீர்களா? எர்ரர் வராது. ஆனால் 21ஆவது வாரிசு எங்கே போவது? இரண்டே பேர் உள்ள பட்டாவுக்கும் 18 பேர் இடம் காலியாகக் கிடக்கும். இந்தப் பெண் எந்தெந்தப் பட்டாவில் இருக்கிறாள் என்று தேட வேண்டுமானால் 20 ஃபீல்டிலும் தேட வேண்டும்.

இதையே பிரித்துப் பாருங்கள். பட்டாவுக்கு ஒரு டேபிள். உரிமையாளருக்கு ஒரு டேபிள்: பட்டா எண், வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, பங்கு. ஆளுக்கு ஒரு ரோ. 2 பேர் என்றால் 2 ரோ, 200 பேர் என்றால் 200 ரோ. எந்த ரோவும் எல்லையின் பக்கமே போகாது. இன்று இணையத்தில் எடுக்கிற பட்டா நகலைப் பாருங்கள். உரிமையாளர்கள் எண் போட்டு ஒருவர் கீழ் ஒருவராகத்தான் அச்சாகி வருகிறார்கள்.

அடங்கலும் இப்படித்தான். பருத்திக்குள்ளே உளுந்து, பாசி போடுகிற ஊர் இது. பயிர்1, பயிர்2 என்று ஃபீல்டு வைத்தால் மூன்றாவது பயிருக்கு இடமிருக்காது. பசலி ஆண்டு, புல எண், உட்பிரிவு, பயிர் என்று தனி டேபிள் வைத்தால் எத்தனை பயிரும் கொள்ளும். 1970இல் ஐபிஎம்மில் இருந்த காட் என்பவர் ரிலேஷனல் முறையை எழுதிய முதல் கட்டுரையிலேயே சொன்ன அடிப்படை இதுதான்: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு, திரும்பத் திரும்ப வருவதற்குத் தனி டேபிள்.

'வகையறா' என்ற சொல்

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். காகிதக் காலத்திலும் ரோவுக்கு எல்லை இருந்தது. கட்டம் போதாத இடத்தில் முதல் ஒன்றிரண்டு பெயரை எழுதி, பின்னால் 'வகையறா' என்று போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான் முதல் ஆள் என்பதால், பழைய தாள்களைப் படித்துச் சொல்வது என் வேலை. அம்மா பிறந்த வீட்டுத் தாள் ஒன்றில் தாத்தா பெயர் இருக்கிறது, பெரிய மாமா பெயர் இருக்கிறது, அப்புறம் 'வகையறா'. என் அம்மாவும் இரண்டு சித்திமாரும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். "எம் பேரு எங்கிட்டு இருக்கு?" என்று அம்மா கேட்டால் நான் எந்த எழுத்தைத் தொட்டுக் காட்டுவது?

1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை மட்டும் அது விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. சட்டம் இடம் கொடுத்துவிட்டது. ஆனால் நாம் போடும் டேபிளில் இடமில்லை என்றால்? பெயர்1, பெயர்2, பெயர்3 என்று வைத்தால் முதல் மூன்றில் யார் பெயர் ஏறும், யார் பெயர் வெளியே நிற்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? வறட்சி நிவாரணமோ பயிர்க் காப்பீடோ எதற்குப் போனாலும் பதிவில் பெயர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தமிழுக்கு மூன்று மடங்கு

அப்படியானால் எதையுமே கூட்டக் கூடாதா? ஒரு இடத்தில் கூட்டித்தான் ஆக வேண்டும். அது தமிழுக்கு.

யூடிஎஃப்-8 முறையில் இங்கிலீஷ் எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதிலும் 'கோ' என்பது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு குறியீடு. 'கோவில்பட்டி' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து, உள்ளே 11 குறியீடு, இடம் 33 பைட். இங்கிலீஷில் எழுதினால் 10 பைட்டோடு முடிந்துவிடும். ஆரக்கிளில் வார்கேர்2 என்று போட்டு 20 என்று மட்டும் சொன்னால், வழக்கமான அமைப்பில் அது 20 பைட். 'கோவில்' வரைக்கும் 18 பைட். 'பட்டி'க்கு இடமில்லை! எழுத்துக் கணக்கு வேண்டுமானால் 20 கேர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் அது குறியீட்டுக் கணக்குதான்.

இந்த நேரத்தில் "பேரை இங்கிலீஷ்ல போட்டுருவோம், இல்லேன்னா சுருக்கிருவோம்" என்று ஒரு யோசனை வரும். வேண்டாம் நண்பர்களே! செருப்புப் பத்தவில்லை என்று காலை வெட்டுவார்களா? ஃபீல்டை அகலமாக்குங்கள். அதற்காக எல்லா ஃபீல்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 255 போடவும் வேண்டாம். மை எஸ்க்யூஎல்லில் 255 எழுத்து என்றால் 1,020 பைட். அப்படி 65 ஃபீல்டு போட்டால் டேபிளே உருவாகாது. உண்மையில் வரக்கூடிய மிக நீளமான பெயரை எண்ணிப் பார்த்து, கொஞ்சம் தாராளம் வைத்துக் கொடுங்கள். பத்திர வாசகம் போன்ற நீளமானவற்றை டெக்ஸ்ட் வகையில் வையுங்கள்.

ஜாயின் போட்டால் மெதுவாகுமா?

"டேபிளைப் பிரிச்சா ஜாயின் போடணுமே, ஸ்லோ ஆயிருமே" என்பார்கள். பட்டா எண்ணுக்கு இண்டெக்ஸ் போட்டிருந்தால் அந்தப் பட்டாவின் சில ரோக்களை மட்டும் டேட்டாபேஸ் நேராகப் போய் எடுக்கும். ரோ சின்னதாக இருப்பதால் ஒரே பக்கத்தில் பல ரோ கொள்ளும். காலி ஃபீல்டுகளைச் சுமந்து திரிகிற நீள ரோவைவிட இதுவே பெரும்பாலும் லாபம். எல்லாம் பிரித்த பிறகும் ஒரு ரோ உண்மையிலேயே பெரிதாக இருந்தால், அப்போது பக்க அளவைக் கூட்டுவோம். நான் தடுக்கவில்லை. முதல் நாளே அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாளைக்கு நம்மில் ஒருவர் கூட்டுறவு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் எழுதுவார். இன்னொருவர் கடலைமிட்டாய்க் கம்பெனிக்குச் சம்பள ரிஜிஸ்டர் போடுவார். வேறொருவர் அரசாங்க வேலைக்கே போய் நிலப் பதிவேட்டில் கை வைப்பார். அன்று 1118 வந்தால் பதற வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். எது ஒரு முறை வரும், எது பல முறை வரும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பல முறை வருவதற்கு ஒரு டேபிள் கொடுங்கள்.

ரோவுக்கு எல்லை இருக்கட்டும். ரோக்களின் எண்ணிக்கைக்கு நாம் எல்லை வைக்க வேண்டாம். கடைசி வாரிசுக்கும் ஒரு ரோ இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு