வாதியா, வாதாவா?

இத்தாலிய வினைச்சொல் நமக்குப் பாதி பழகியதுதான். 'பேசுகிறேன்' என்றால் 'நான்' தேவையில்லை அல்லவா? அங்கேயும் அப்படித்தான். 'பார்லோ' என்றால் பேசுகிறேன். 'பார்லி' என்றால் பேசுகிறாய் (கஞ்சி இல்லை சார்!).

அதோடு விட்டார்களா? வினைக்கு மூடும் உண்டு. உள்ளதைச் சொல்ல ஒரு மூட், அதில் 8 காலங்கள். சந்தேகம், ஆசை, அபிப்பிராயத்துக்கு இன்னொன்று: 'கொஞ்சுந்தீவோ'. அதில் 4. பேரில்தான் கொஞ்சல், தப்பாகச் சொன்னால் படிக்காதவன் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

வம்பு என்னவென்றால், மேலதிகாரியிடம் மரியாதையாகப் பேசவும் இதே மூட்தான் வேண்டும். நண்பனைப் 'போ' என்பதற்கு 'வா' (ஆமாம், அங்கே 'வா' என்றால் போ!). ஆபீசரிடம் 'போங்க' என்பதற்கு 'வாதா'.

1975-இல் தொடங்கிய 'ஃபாந்தோத்ஸி' படங்களின் நாயகன் ஒரு ஆபீஸ் கணக்கர். நடித்தவர் பாவ்லோ வில்லாஜ்ஜோ. 'வாதா'வுக்குப் பதில் அவர் 'வாதி' என்பார். இத்தாலியே சிரித்தது. இன்றும் அங்கே கொஞ்சுந்தீவோவில் சறுக்கினால் அவர் பேர்தான் ஞாபகம் வரும்.

ஆனால் பாவம், அவர் பக்கம் நியாயம் உண்டு. 'பார்லாரே' மாதிரி 'ஆரே'யில் முடியும் வினைகள் மரியாதைக்கு 'இ' போடும். 'பேசுங்க' என்பதும் 'பார்லி'தான். போவதற்கு 'அந்தாரே'. அதுவும் 'ஆரே' கோஷ்டி. ரூல்படி 'வாதி'தானே வரவேண்டும்? ரூலை மீறியது மொழி, மாட்டிக்கொண்டது கணக்கர்.

எந்த ஊர் ஆபீசானால் என்ன, ரூல்படி நடக்கிறவன் பாடு இதுதான்!