முன் என்பது எப்பக்கம்?

சென்ற மாதம் மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'எனக்குப் பிடித்த எழுத்தாளர்' என்பது தலைப்பு. ஒருவன் தான் விரும்பிய எழுத்தாளரை 'முற்போக்காளர்' என்று ஏழு இடங்களிற் போற்றியிருந்தான். 'எதிலிருந்து எதை நோக்கிப் போனார்?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவன் வந்து, "ஐயா, எல்லாரும் அப்பிடித்தானே எழுதுகினம்?" என்றான். அவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

புதுமையைக் குறிக்கும் சொற்களுக்கு நம்மிடம் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவரையொருவர் கண்டால் 'என்ன புதினம்?' என்று கேட்கிறோம். இங்கே புதினம் என்பது செய்தி, வேடிக்கையும் அதுவே. தமிழகத்திலோ அது நாவலுக்குப் பெயராயிற்று. 'நவீனம்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் நாவலைக் குறித்தது. புதிது என்பது ஒன்று. நல்லது என்பது வேறொன்று. ஊரிற் பரவும் பொய்யும் ஒரு புதினந்தான்.

'முற்போக்கு' என்பதை ஆராய்ந்தால் வியப்பு மிகும். இடத்தைக் கருதும்போது 'முன்' என்பது நாம் செல்லும் பக்கம். காலத்தைக் கருதும்போதோ அது கழிந்த பக்கம். முன்னோர் என்பார் நமக்கு மூத்தோர் அல்லரோ? பின்னே விடப்படுவது பிற்போக்கு. ஆனால் இனி வரும் நாள் பிற்காலம். நான் கற்பிப்பது பிராசீன பாடசாலை ஒன்றில். 'பிராசீனம்' என்ற வடசொல்லுக்குப் பழமை என்பது பொருள். கிழக்கு என்பதும் பொருள். அதன் அடிச்சொல்லோ முன்னோக்கியது எனப் பொருள்படும். ஆதலின் இச்சொற்கள் திசையைச் சுட்டுவனவேயன்றித் தரத்தைச் சுட்டுவன அல்ல. எங்கே நின்று எதை நோக்குகிறோம் என்று கூறாவிடின் அவை பொருள் முடியாதே நிற்கும்.

இச்சொற்களை நம் நாட்டில் முதலில் ஏந்தியவர்கள் அதனைக் கூறினர். 1946இல் 'மறுமலர்ச்சி' என்னும் இதழ் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களிற் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஆயினும் தேநீர்க்கடையிலும் கோயில் வாயிலிலும் நுழைவதற்கு 1960களின் பிற்பகுதியிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது. எதிலிருந்து எதற்கு என்று அன்றைய எழுத்தாளரைக் கேட்டிருந்தால், அக்கடையையும் அவ்வாயிலையும் அவர்கள் காட்டியிருப்பார்கள். அவர்கள் மக்களின் பேச்சை எழுதியபோது, பண்டிதருள் ஒருசாரார் 'இழிசனர் வழக்கு' என்று இகழ்ந்தனர். மரபைக் காக்கின்றோம் என்பது அவர்கள் கூற்று.

மரபு அவ்வாறு கூறுகின்றதா? தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் 'விருந்து' என்பதனையும் ஒன்றாக வைத்தார். புதிய முறையில் ஆக்கும் செய்யுளுக்கு அது பெயர். வாயிலில் வந்து நிற்கும் புதியவருக்கும் அதுவே பெயர். காலத்துக்கேற்பப் பழையன நீங்குவதையும் புதியன சேர்வதையும் நன்னூலார் குற்றமெனக் கொள்ளவில்லை. நூலின் இறுதிச் சூத்திரத்திலேயே அதனைச் சொல்லிவைத்தார். இவற்றை ஓதி ஒப்புவித்த நாம் வாயிலை மட்டும் அடைத்துக்கொண்டோம்.

பிறரைக் கூறுவானேன்? நான் ஆசிரியப் பணி தொடங்கிய ஆண்டுகளில் ஒரு மாணாக்கன், தன் தாய் பிறர் கிணற்றடியில் யாரேனும் அள்ளி ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்து நின்ற கதையை, அத்தாயின் வாய்மொழியிலேயே எழுதித் தந்தான். நான் சிவப்பு மையால் 'கொச்சை' என்று பதினொரு இடங்களில் வட்டமிட்டேன். கதையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதினேனல்லேன். அடுத்த தவணையில் அவன் 'நவீன உலகில் முற்போக்குச் சிந்தனை' என்று தூய தமிழில் ஒரு கட்டுரை தந்தான். அதில் ஆளுமில்லை, ஊருமில்லை, கிணறுமில்லை. நிறைந்த புள்ளி வழங்கினேன். அவ்வாண்டு நான் படித்தவற்றுள் மெய்யாகப் புதியது அவனுடைய முதற்கட்டுரைதான். அதனைக் கைவிட்டுப் பெயர்ச்சீட்டை ஒட்டக் கற்பித்தவன் நானே. இன்று 'எல்லாரும் எழுதுகினம்' என்பவனை நான் எங்ஙனம் கடிந்துகொள்வேன்?

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. 'நவீன' என்றும் 'முற்போக்கு' என்றும் எழுதும் மாணாக்கனுக்கு உடனே புள்ளி வழங்காதீர்கள். உடனே அடித்தும் விடாதீர்கள். எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். விடை கூறத் தெரியாதவனாயின், தன் வீட்டிற் கண்டதை வீட்டார் பேசும் சொற்களிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். அவன் கொண்டுவருவதைப் படிக்கும்போது சிவப்பு மைப் பேனாவைச் சற்றே மூடி வையுங்கள்.