உயரம் பெரிதா, உடம்பு பெரிதா?

மாணவர்களே, வீராம்பட்டினத்து ஆடித் தேரோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தேருக்கு ஸ்பிரிங் கிடையாது. ஊர்ந்து செல்வதால் தேவையும் இல்லை. ஜீப்பின் சங்கதி வேறு. கடற்கரை மணலிலும் மேட்டிலும் அடிதட்டாமல் ஓட வேண்டுமென்று சிலர் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்து வண்டியை உயர்த்துகிறார்கள். பிறகு, “தூக்கிப் போடுகிறதே!” என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

காரணம் எளிது. வண்டியின் எடையால் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கினால், வண்டி நொடிக்கு ஏறத்தாழ 1 முறை மேலும் கீழும் ஆடும். விறைப்பு நான்கு மடங்காகி 6.25 செ.மீ. மட்டுமே அமுங்கினால், 2 முறை ஆடும். நடக்கும்போது நம் உடல் நொடிக்கு சுமார் 2 முறை ஏறி இறங்குகிறது. அதுவரை நமக்குப் பழக்கம். விறைப்பு மேலும் கூடினால், நொடிக்கு 4 முதல் 8 என்ற எல்லையை ஆட்டம் நெருங்கும். முதுகெலும்பை மிகவும் வாட்டுவது அந்த அதிர்வுதான்.

ஆகவே, புதிய உறுப்புகளை வாங்கிப் பூட்டுவதற்கு முன் சேர்த்த பட்டையைக் கழற்றுவதே அறிவுடைமை என்பேன். பட்டைகளுக்கிடையே துருவை நீக்கி மசகிட வேண்டும். மணலில் மட்டும் டயர்க் காற்றைச் சற்றுக் குறைக்கலாம். டயர் அகன்று பதிவதால் வண்டி புதையாது, குலுக்கலும் தணியும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும்.

உயர்த்திய வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது. தயாரிப்பாளரின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. வண்டி கம்பீரமாக நிற்பது பார்ப்பவருக்கு, குலுக்கல் உட்கார்ந்திருப்பவருக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.