ஆரோக்ய சேது முதல் டவர் அலர்ட் வரை: பட்டன் போன் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

2020 மே முதல் வாரம். சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியதும், அங்கே வேலை பார்த்த பலர் சொந்த ஊர் திரும்பினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை மளமளவென எகிறியது. மே 5-ல் சந்தை மூடப்பட்டது. வந்தவர்கள் யார், யாருடன் பழகினார்கள் என்பதை சுகாதாரத்துறையும் போலீஸும் உடனே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆரோக்ய சேது போதவில்லையா?

ஏப்ரல் 2-ல் மத்திய அரசு வெளியிட்ட இந்தச் செயலி, பக்கத்தில் வந்த போன்களை புளூடூத் மூலம் குறித்துக்கொண்டது. ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவர் அருகில் இருந்தவருக்கு எச்சரிக்கை போனது. ஆனால், இரண்டு பேரிடமும் செயலி இருக்க வேண்டியிருந்தது. நூற்றில் 40 பேரிடம் அது இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரோ இருவர் சந்திக்கும்போது இருவரிடமுமே செயலி இருக்க வாய்ப்பு வெறும் 16 சதவீதம்தான். பட்டன் போனோடு மூட்டை தூக்குபவர் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்.

அவர்களுக்கு என்ன வழி?

சந்தை மூடிய மறுநாள், மே 6-ல் 1921 எண் அறிமுகமானது. மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வந்தது, உடல்நிலை பற்றிக் கேட்டது. இதற்கு எந்த போனும் போதுமானதாக இருந்தது. ஆனால் யார் பக்கத்தில் நின்றோம் என்பது அதற்குத் தெரியாது.

அந்தத் தகவல் யாரிடம் இருந்தது?

ஊர்க்காரர்களிடம்! செஞ்சி, திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூர் மாதிரி ஊர்களில், சென்னையிலிருந்து யார் வந்தாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். அதை விஏஓவிடமோ கிராம செவிலியரிடமோ சொல்ல ஒரு சாதாரண போன் கால் போதும். ஆனால் தனிமைப்படுத்திவிடுவார்களோ, ஊர் ஒதுக்கிவிடுமோ என்ற பயம் இருந்தால், அந்த கால் வராது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2023 அக்டோபர் 20-ல் தமிழ்நாட்டில் பல போன்கள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கலாம். அது செல் பிராட்காஸ்ட் சோதனை. குறிப்பிட்ட பகுதியின் டவர்களிலிருந்து அங்குள்ள போன்களுக்கெல்லாம் செய்தி போகும். செயலி வேண்டாம், யாருடைய நம்பரும் தேவையில்லை. இந்த வசதி உள்ள பட்டன் போனிலும் வரும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. "பரிசோதனைக்கு வாருங்கள்" என்று டவர் சொல்லும். யார் வரவில்லை என்பதை அறிய முடியாது. அதற்கு அடுத்த பெருந்தொற்றிலும் செவிலியர்தான் வீடு வீடாகப் போக வேண்டும். அவரிடம் உண்மையைச் சொல்ல மக்கள் பயப்படாமல் இருக்க வேண்டும்.