தோலும் கேசமும் நகமும் சொல்லும் சேதி

புதன், சனிக் கிழமைகளில் ஆடவரும், செவ்வாய், வெள்ளிகளில் பெண்டிரும் எண்ணெய் தேய்த்து நீராடுதல் நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதனால் விளையும் நன்மைகளைப் பலர் பலவாறு கூறுவர். ஆயின் ஒரு நன்மையை மட்டும் எவரும் எடுத்துரைக்கக் காணோம். வாரம் ஒருமுறை தாயின் கண்ணும் கையும் குழந்தையின் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் படிந்து சென்றன. புதிதாய் ஒரு படையோ பருவோ தோன்றினால் அன்றே அவள் கண்ணில் பட்டுவிடும்.

கடக்வாஸ்லாவில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இவ்வழக்கம் அருகி வருகிறது. மார்கழி, தை மாதங்களில் அணைப் பக்கமிருந்து வீசும் குளிர்காற்றில் எண்ணெயுடன் உட்கார யாருக்கு மனம் வரும்? வழக்கம் போனால் போகட்டும். அதனுடன் அந்தப் பார்வையும் போய்விடலாகாது என்பதே இம்மாதம் நாம் சொல்ல விழைவது.

நம் சித்த மருத்துவர் நோயறியக் கைக்கொண்ட எண்வகைத் தேர்வில் நிறமும் ஸ்பரிசமும் இடம்பெறுகின்றன. 1916ஆம் ஆண்டில் தோன்றி இன்று நம் ஊரில் விளங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில், பெரிய ஆற்றையும் அணையையும் சிறு மாதிரியாக அமைத்து, அதில் தோன்றும் குறிகொண்டு வெள்ளத்தின் போக்கை ஆராய்கின்றனர் அல்லவா? அதுபோல விரல் நகத்திலும் உள்ளுறுப்புகளின் நிலை ஓரளவு தெரியும்.

கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கடுஞ்சுரம் வந்து போனபின் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம் தோன்றுவதுண்டு. அது அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருப்பின், நோய் கண்டு இரண்டு மாதம் ஆயிற்று எனக் கணக்கிடலாம். நகம் குழிந்து கரண்டிபோல் ஆயின் இரும்புச் சத்துக் குறைவென ஐயுற வேண்டும். இரு கை மோதிர விரல்களின் நகங்களையும் ஒன்றோடொன்று முதுகு பொருந்த வைத்துப் பாருங்கள். நகங்களின் அடியில் வைர வடிவில் சிறு இடைவெளி தெரிதல் வேண்டும். தெரியவில்லையேல் நுரையீரலையோ இருதயத்தையோ டாக்டரிடம் சோதித்துக்கொள்வது நலம். இச்சோதனையை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டவர் தென்னாப்பிரிக்க இருதய மருத்துவர் லியோ ஷாம்ரோத். தாமே நோயுற்றபோது தம் விரல்களில் கண்ட மாறுதலையே அவர் உலகுக்கு உரைத்தார். இனி, ஒரு நகத்தில் மட்டும் புதிதாய்க் கறுப்புக் கோடு தோன்றி நாளடைவில் அகலமாயின், அதனைக் காலந்தாழ்த்தாது காட்டிவிட வேண்டும்.

கேசத்தைப் பற்றியும் வீண் கவலை வேண்டா. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. விஷ சுரம், டெங்கு, மகப்பேறு இவற்றிற்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாய் உதிர்வதும், பின்னர் தானே முளைப்பதும் பலரிடம் காண்பதே. பழி பெரும்பாலும் புனாத் தண்ணீரின்மேல் போடப்படும். காரணமோ சென்ற மாதங்களின் காய்ச்சலாயிருக்கும். ஆனால் வட்டமாய் ஓரிடத்தில் வழுக்கை விழுந்தாலும், முடியுதிர்வோடு களைப்பும் உடல் பருமனும் சேர்ந்தாலும் மருத்துவரை நாடுக.

நரை, திரை, நகத்தின் நெடுக்கில் ஓடும் மெல்லிய வரிகள், வெயில் பட்ட இடத்துப் பழுப்புப் புள்ளிகள் ஆகியன முதுமையின் அடையாளங்கள். பிணியின் அடையாளங்கள் அல்ல. ஆயின் சிறுவர் கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப் போல ஆவதைக் கண்டு, அழுக்கெனக் கருதிப் பயத்தமாவால் தேய்த்துச் சலிக்கும் தாய்மார் உண்டு. அது தேய்த்துப் போகும் அழுக்கன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமைக்கு அது பெரும்பாலும் அறிகுறியாகும். சர்க்கரை அளவைப் பரிசோதித்து, உணவையும் விளையாட்டையும் சீர்செய்தால் பின்னாளில் வரும் நீரிழிவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும்.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றை இறுதியில் வைத்தோம். தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் தோன்றி, அங்கே உணர்ச்சி குன்றியிருப்பின் அது தொழுநோயாய் இருக்கலாம். சோதிக்கும் வழி எளிது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சின் நுனியால் தேமலையும் அடுத்த நல்ல தோலையும் மாறி மாறித் தொடுக. தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டட்டும். சாதாரணத் தேமலிலும் வெண்புள்ளியிலும் தொடுவுணர்ச்சி குறையாது. அரிப்பில்லை, வலியில்லை என்று நாம் ஆறுதல் கொள்வதே இந்நோய்க்கு வாய்ப்பாகிறது. உணர்ச்சியற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் புண்பட்டே விரல்களை இழக்கிறது என்பதை வேலூரில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் விளக்கிக் காட்டினார்.

இந்நோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை 2005ஆம் ஆண்டு டிசம்பரில் கடந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாய்க் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. நோய் மெல்லத் தொற்றுவது. பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. 1981ஆம் ஆண்டில் உலகச் சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், 6 மாதத்திலோ 12 மாதத்திலோ முற்றும் குணமாகும். அரசு நிலையங்களில் மருந்து இலவசம். மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மையும் நீங்குகிறது.

அப்படியிருக்க, ஒளிப்பது ஏன்? பெண்ணின் கலியாணம் நின்றுவிடும் என்ற அச்சம் ஒன்று. “மே மாதம் ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடம் தமிழில் சொல்லிக் காட்டிக்கொள்ளலாம்” என்ற தாமதம் மற்றொன்று. தாமதித்த அம்மாதங்களில் கெட்ட நரம்பு, நோய் தீர்ந்தபின்னும் மீளாதிருக்கக் கூடும். கலியாணத்திற்குத் தடையாவது குணமான தேமலன்று, மடங்கிப்போன விரலே. மொழி தடையென்றால், “பதீர் சட்டா” என்னும் மராத்திச் சொற்களை நினைவில் வையுங்கள். உணர்ச்சியற்ற தேமல் என்பது பொருள். இவ்விரு சொற்களே போதும். எஞ்சியதை ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர் தாமே அறிந்துகொள்வார்.

நமக்கு அண்மையிலுள்ள எரவாடாச் சிறையில்தான் 1930களில் காந்தியடிகள், தொழுநோயுற்றிருந்த பர்ச்சுரே சாஸ்திரி என்னும் சம்ஸ்கிருத பண்டிதரை அறிந்தார். பிற்காலத்தில் அவர் சேவாகிராமத்தை அடைந்தபோது, அவருடைய புண்களைக் கழுவித் தம் கையாலேயே தேகத்தைப் பிடித்துவிட்டார் அடிகள். குணப்படுத்தும் மருந்து கைக்கு வராத காலம் அது. மருந்து கையிலுள்ள இக்காலத்தில் நமக்கு வேண்டுவது அவ்வளவு பெரிய துணிவுகூட அன்று. நம் வீட்டாரை வெட்கமின்றி உற்றுநோக்கும் கண் ஒன்றே.

ஆதலின் மாதத்தில் ஒரு ஞாயிறு, நல்ல பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளின் முதுகையும் பெரியோரின் பாதங்களையும் பார்த்து வைப்போமாக. தம் முதுகைத் தாமே காண எவராலும் இயலாது. அதற்காகவே குடும்பம் என்று ஒன்று இருக்கிறது.