இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அலபாமாவில் ஆய்வுப் படிப்பு முடித்த என் பழைய மாணவர் ஒருவர் அந்த ஆட்டத்தின் பித்தராகத் திரும்பி வந்தார். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டி விளக்குவார். தலைக்கவசம் அணிந்த பெரிய உடம்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது மட்டுமே முதலில் எனக்குத் தெரிந்தது. நாளடைவில், ஆட்டத்தைவிட அதன் பின்னாலிருக்கும் ஏற்பாடு என்னை அதிகம் ஈர்க்கத் தொடங்கியது. ஆட்டக்காரர்களின் இரண்டாம் வரிசையை எப்படி உருவாக்குவது, நல்ல பயிற்சியாளரை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்று அங்கே இரண்டு கேள்விகளை ஓயாமல் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில செய்திகள். இது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர்தான். ஆனால் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர், உதைப்பதற்குத் தனி ஆட்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று பெயர் எழுதிய பட்டியல் உண்டு. உயர்மட்டக் கல்லூரி ஒன்று 85 ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உதவித்தொகை தரலாம் என்ற வரம்பு 1994 முதல் 2024 வரை இருந்தது. வழக்கொன்றின் சமரசத்துக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளுக்கு 2025 முதல் அணியில் மொத்தம் 105 பேர் என்பது வரம்பு. வந்தவர்கள் சில ஆண்டுகளில் பட்டம் பெற்றோ தொழில்முறை ஆட்டத்துக்கோ போய்விடுவார்கள். பயிற்சியாளர் கட்டும் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு சுவர் இடிந்துகொண்டே இருக்கும். அடுத்த சுவருக்கான கல் முற்றத்தில் தயாராக இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் கல்லின் மதிப்பை 2014ஆம் ஆண்டின் ஓஹியோ ஸ்டேட் அணி காட்டியது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்தான் ஓர் அணியின் மூளை. பருவம் தொடங்கும் முன்பே முதலாமவரான பிராக்ஸ்டன் மில்லரின் தோள் காயப்பட்டது. இரண்டாமவரான ஜே.டி. பாரெட், மிச்சிகனுடனான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து விழுந்தார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியவரல்லர். அவருடைய முதல் மூன்று ஆட்டங்கள் விஸ்கான்சினுக்கு எதிராக 59-0, அலபாமாவுக்கு எதிராக 42-35, ஓரிகனுக்கு எதிராக 42-20. மூன்றாவது ஆட்டத்தோடு தேசியப் பட்டமும் வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் பயிற்சியாளர் அர்பன் மெயரின் திறமைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. பட்டியலில் மூன்றாவது பெயராக இருந்துகொண்டு, நாளைக்கே ஆடப்போகிறவனைப்போல ஓர் இளைஞன் தினமும் பயிற்சி செய்வதற்கு எது காரணம்? யாரோ ஒருவர் அவனிடம் ஏதோ ஒரு வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். ‘உன் முறை வரும், அதற்கு உன்னைத் தயார் செய்கிறேன்’ என்ற வாக்கு. இரண்டாம் வரிசை என்பது ஆள்கணக்கு அன்று. அது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை கல்லூரியின் கட்டடத்திலோ கொடியிலோ இருப்பதில்லை, ஒரு மனிதரிடம் இருக்கிறது. அவர் ஒரு நாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் வாக்கும் அவரோடு போய்விடும்.

ஆகவேதான் இரண்டு கேள்விகளும் ஒன்று என்கிறேன். நம் வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தை முடிக்குமிடத்தில், நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருந்தாலும் தலைவர் இல்லாத இடத்தில் படை என்பதே இல்லை என்கிறார். அவருக்குக் கால்பந்து தெரியாது, படை தெரியும்.

*

2024 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அலபாமாவில் 2007 முதல் பயிற்சியாளராயிருந்து ஆறு தேசியப் பட்டங்களை வென்ற நிக் சேபன், ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில் வாஷிங்டனின் பயிற்சியாளர் கேலன் டிபோர் அலபாமாவுக்கு வந்தார். அவர் இடத்துக்கு அரிசோனாவின் ஜெட் ஃபிஷ் போனார். அரிசோனாவுக்கு சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து பிரென்ட் பிரென்னன் போனார். ஒருவர் ஓய்வு பெற்றதில் நான்கு கல்லூரிகளின் இளைஞர்கள், தங்களை அழைத்து வந்த மனிதர் இல்லாத அணியில் நின்றார்கள். சிலர் தாங்களும் கிளம்பினார்கள். அலபாமாவின் தடுப்பு வரிசையில் முதலாண்டிலேயே பெயர் பெற்ற கேலப் டவுன்ஸ் ஓஹியோ ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்த பருவத்தின் தேசியப் பட்டம் ஓஹியோ ஸ்டேட்டுக்குக் கிடைத்தது.

ஆட்டக்காரர்கள் இப்படி இடம் மாறுவதைப் பற்றித்தான் அங்கே பெரும் புலம்பல். 2018 அக்டோபர் வரை, பழைய கல்லூரியின் அனுமதியின்றிப் புதிய கல்லூரி அவர்களிடம் பேசக்கூட முடியாது. 2021 வரை, கால்பந்து ஆட்டக்காரர் இடம் மாறினால் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அந்தத் தளைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் தம் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் உரிமை வந்தது. இனி யார் பொறுமையாகக் காத்திருப்பார்கள், இரண்டாம் வரிசை செத்துவிட்டது என்கிறார்கள்.

இந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சியாளர் எப்போதுமே போகலாம். பல லட்சம் டாலர் சம்பளத்தோடு, பருவம் முடியும் முன்பே போகலாம். அவரை நம்பி வந்த பதினெட்டு வயதுப் பையன் மட்டும் ஓராண்டைத் தண்டமாகக் கட்ட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் விசுவாசம் அன்று. கட்டிப்போட்டுப் பெற்ற ஆழத்தை ஆழம் என்று நான் ஒப்பமாட்டேன்.

2019ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருதை நினைத்துக்கொள்கிறேன். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் அந்த விருதின் வாக்குகளில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற ஜோ பரோ, ஜேலன் ஹர்ட்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் மூவரும் முந்தைய கல்லூரியில் முதலிடம் கிடைக்காமல் வெளியேறியவர்கள். பரோ ஓஹியோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். 2018இல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்த பருவத்தில் அவ்வணி பதினைந்து ஆட்டங்களையும் வென்றது. அவர் காத்திருந்துகொண்டே இருந்திருந்தால் ஓஹியோவின் பட்டியல் இன்னும் ஆழமாகத் தெரிந்திருக்கும். உலகத்துக்கு பரோவைத் தெரிந்திருக்காது.

*

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறிய கல்லூரிகள் மூன்றாண்டுகள் உழைத்து வளர்த்த பிள்ளையைப் பணமுள்ள கல்லூரி ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போகிறது. இழப்பு உண்மையானது. பில் ஸ்னைடர் போன்ற ஒருவர் இன்று கான்சஸ் ஸ்டேட்டில் தொடங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி அது. 1989இல் அவர் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் ஒரு வெற்றி, பத்துத் தோல்விகள். நான்காவது பருவத்திலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். கல்லூரி அவரை அனுப்பிவிடவில்லை. 1998இல் அவ்வணி நாட்டின் உச்சிக்கு அருகே வந்தது. 2003இல் தன் பிரிவின் பட்டத்தை வென்றது. உதவித்தொகையே இல்லாமல் சேர்ந்த உள்ளூர்ப் பையன்களையும் அவர் ஒதுக்கவில்லை. பிற்காலத்தில் கிரீன் பே அணியில் புகழ்பெற்ற ஜோர்டி நெல்சன் அப்படிச் சேர்ந்தவர்தான். 2005இல் ஓய்வு பெற்றபோது, ஆட்டரங்குக்குத் தன் பெயர் மட்டும் வேண்டாம், குடும்பத்தின் பெயராக இருக்கட்டும் என்று ஸ்னைடர் கேட்டுக்கொண்டார். 2009இல் மீண்டும் அழைக்கப்பட்டு 2018 வரை இருந்தார்.

அவரைத் தக்கவைத்தது எது? கல்லூரி கொடுத்த காலம்தான் என்று நினைக்கிறேன். இன்று காலத்துக்குப் பதிலாகப் பணம் கொடுக்கிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, அவருக்குத் தர வேண்டியிருந்தது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். லூசியானா ஸ்டேட், தேசியப் பட்டம் வென்ற எட் ஓர்ஜெரானை 2021 பருவத்தோடு அனுப்பியது. அடுத்து வந்த பிரையன் கெல்லியை 2025 அக்டோபரில் ஐந்து கோடி டாலருக்கு மேல் கடன்பட்டு நீக்கியது. நீண்ட ஒப்பந்தம் பயிற்சியாளரைக் கட்டும் கயிறு என்று எண்ணி எழுதுகிறார்கள். கடைசியில் கட்டுப்பட்டுக் கிடப்பது கல்லூரிதான்.

ஆனால் ஸ்னைடரைத் தெய்வமாக்கவும் எனக்கு மனமில்லை. 2017இல் வேறு கல்லூரிக்குப் போக விரும்பிய ஓர் இளம் ஆட்டக்காரர் முப்பத்தைந்து கல்லூரிகளின் பெயர்களைக் கொடுத்தும், கான்சஸ் ஸ்டேட் அனுமதி மறுத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே விட்டுக்கொடுத்தது. தனக்குக் காலம் கொடுத்த கல்லூரியால் வளர்ந்த ஒருவருடைய அணியில், ஓர் இளைஞனுக்கு வாசல் திறக்கவில்லை. நல்லவர்களிடமும் பழைய ஏற்பாடு செய்த வேலை அது.

அண்மையில் நடந்த ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. 2025 நவம்பர் 30 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் லேன் கிஃபின், பதினோரு வெற்றிகளும் ஒரு தோல்வியும் பெற்றிருந்த அணியை பிளேஆஃப் சுற்றுக்கு முன்பே விட்டு, அதே லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் பீட் கோல்டிங்கிடம் அணியை ஒப்படைத்தார்கள். குவார்ட்டர்பேக்கான டிரினிடாட் சாம்ப்லிஸ் இரண்டாம் நிலைக் கல்லூரியான ஃபெரிஸ் ஸ்டேட்டிலிருந்து இடம் மாறி வந்தவர். பருவத் தொடக்கத்தில் இரண்டாமவர். முதலாமவர் காயப்பட்டதால் களமிறங்கியவர். அந்த அணி டுலேனையும் பிறகு ஜார்ஜியாவையும் வென்று அரையிறுதி வரை சென்றது. ஆழத்தை அழித்துவிட்டதாகச் சொல்லப்படும் அதே சுதந்திரம்தான் அந்த இரண்டாமவரை அங்கே கொண்டுவந்தது. போனவரோடு எல்லாமும் போகாமல் இருந்ததற்கு, வாக்கைக் காப்பாற்ற இன்னொருவர் உள்ளேயே இருந்தது காரணம். பயிற்சியாளர்களுக்கும் இரண்டாம் வரிசை வேண்டும். தக்கவைத்தல் என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

*

என் மாணவர் அடிக்கடி போட்டுக்காட்டுவது இரண்டு ஆட்டங்கள். 2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசிய இறுதியாட்டத்தின் பாதியில் அலபாமா 0-13 என ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அணியை நடத்திவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை சேபன் இறக்குகிறார். கூடுதல் நேரத்தில் அலபாமா 26-23 என வெல்கிறது. ஹர்ட்ஸ் களத்தோரம் நின்று கொண்டாடுகிறார். இரண்டாவது, அதே ஆண்டு டிசம்பர் 1, அதே அரங்கு, அதே ஜார்ஜியா. இப்போது டுவா காயப்பட, பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் இறங்குகிறார். 35-28 என வெற்றி. சில வாரங்களில் பட்டத்தை வாங்கிக்கொண்டு அவர் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார். 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்காக சூப்பர் பவுல் வென்று, அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார்.

“அவர் அந்தப் பதினோரு மாதம் பொறுத்திருந்ததுதான் பெரிசு, இல்லையா ஐயா?” என்று மாணவர் கேட்டார்.

பெரிதுதான். ஆனால் பொறுத்திருந்ததும் அவர் எடுத்த முடிவு, போனதும் அவர் எடுத்த முடிவு. முதல் முடிவை மெச்சுகிறவர்கள் இரண்டாவதையும் மதிக்க வேண்டும் என்றேன்.