பட்டனைக் குத்தாதீர்கள், பாவம்!

லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டனை ஒரு தரம் அமுக்குவார்கள். விளக்கு எரியும். மனசு கேட்காது, மறுபடி அமுக்குவார்கள். அடுத்து வருகிறவர் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே தன் பங்குக்கு ஒரு குத்து. ஏழாவது மாடியில் யாரோ பீரோ ஏற்றிக்கொண்டிருப்பார்கள், லிஃப்ட் அங்கே நிற்கும். அடி வாங்குவது என்னவோ கீழே இருக்கிற பட்டன்.

இதே நியாயம் இப்போது கல்யாண மண்டபத்துக்கும் வந்துவிட்டது.

2020-ல் கொரோனா வந்து, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட்டார்களே, அப்போது பிடித்த வழக்கம் இந்த லைவ். கொரோனா போயும் இது போகவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேஜை, அதில் ஒரு லேப்டாப், பக்கத்தில் சோப்பு டப்பா சைஸில் ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டி மேல் வரிசையாகப் பட்டன்கள். ஒவ்வொரு பட்டனிலும் குட்டிப் படம். மணவறைப் படத்தை அமுக்கினால் மணவறை காமிரா, நாதஸ்வரத்தை அமுக்கினால் மேளக் கோஷ்டி. வயரை யு.எஸ்.பி.யில் சொருகிவிட்டால் ஒரு குட்டி டி.வி. ஸ்டேஷன் ரெடி.

எல்காட்டோ என்ற கம்பெனி 2017-ல் 15 பட்டன்களோடு 'ஸ்ட்ரீம் டெக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுவதையே ஊருக்குக் காட்டுகிற பிள்ளைகளுக்காகச் செய்த பொருள். இன்று அதே மாதிரி பெட்டிகள் பல பெயர்களில் கும்பாபிஷேகம் வரைக்கும் வந்துவிட்டன.

எங்கள் பக்கத்துத் தெருவில் வீடியோக்காரத் தம்பி ஒருத்தர் இருக்கிறார். கல்யாணம், காது குத்து எதுவானாலும் லைவ் போடுவார். போன ஆவணியில் ஒரு முகூர்த்தம், காலை 6-லிருந்து 7.30-க்குள். பெண்ணின் அண்ணன் டொரண்டோவில் இருக்கிறார். லீவு கிடைக்கவில்லை. அங்கே முந்தின நாள் ராத்திரி 9 மணி. குளித்து, வேஷ்டி கட்டிக்கொண்டு, லேப்டாப் முன்னால் அட்சதையோடு உட்கார்ந்திருந்தாராம்.

'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!'

தம்பி மணவறைப் பட்டனை அமுக்கினார். திரையில் தவில் வித்வான். மறுபடி அமுக்கினார். அப்போதும் தவில் வித்வான், ரொம்ப உற்சாகமாக. மூன்றாவது குத்துக்கு மணவறை வந்தது. அதற்குள் மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன்காரர் போன் பண்ணி அழுதுவிட்டார். பெண்ணின் அப்பா அழவில்லை. பேசிய 18,000 ரூபாயில் 5,000-த்தைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தம்பி நம் வீட்டுக்கு வந்தார், கையில் அந்தப் பெட்டியோடு.

"அண்ணே, பேட் சரியில்லண்ணே. அமுக்கினா ரெண்டு செகண்ட் கழிச்சுதான் வேலை செய்யுது. வேற நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்."

"பணம்?"

"அம்மா சங்கிலி இருக்கு. பேங்க்ல வெச்சுட்டு, அடுத்த முகூர்த்தத்துல மீட்டுக்கலாம்."

சங்கிலி என்றதும்தான் எனக்கு பி.காம். ஞாபகம் வந்தது. ட்ரயல் பாலன்ஸ் உதைத்தால் புது லெட்ஜர் வாங்க மாட்டோம். வித்தியாசம் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவோம். தேட சோம்பேறித்தனமாக இருந்தால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று எழுதித் தப்பிப்போம். தம்பி தன் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுக்கு அம்மா சங்கிலியை அடகு வைக்கப் பார்க்கிறார்!

விரலுக்கும் திரைக்கும் நடுவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பட்டன், வயர், லேப்டாப்பின் யு.எஸ்.பி., பெட்டியோடு வந்த ஸாஃப்ட்வேர், ஓ.பி.எஸ். மாதிரி காட்சி மாற்றுகிற ஸாஃப்ட்வேர், அப்புறம் காமிரா. இவ்வளவையும் தாண்டி இன்டர்நெட்டில் ஏறி, யூட்யூப் போய், டொரண்டோவில் இறங்க வேண்டும். ஆறேழு பேர் கை மாறுகிற சமாசாரம். ஆனால் விரலில் படுவது பட்டன் ஒன்றுதான். அதனால் திட்டும் அதற்குத்தான்.

இந்த யு.எஸ்.பி.யை 1990-களில் இன்டெல் கம்பெனியில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அஜய் பட். நம் பரோடாவில் படித்தவர். 1996-ல் முதல் விதிமுறை வந்தது. அதில் ஒரு கண்டிப்பு: சொருகின சாமான் எதுவும் தானாகப் பேசக்கூடாது. கம்ப்யூட்டர்தான் வாத்தியார். 'ஏதாவது உண்டா?' என்று அவர் கேட்கும்போது மட்டும் பதில் சொல்லலாம். சாதாரண கீபோர்டை வழக்கமாக செகண்டுக்கு 125 தடவை இப்படிக் கேட்பார். அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. நாம் கண்ணை இமைக்கவே 100 மில்லி செகண்டாவது ஆகும். தம்பி சொன்ன 2 செகண்ட் இந்த 8 மில்லி செகண்டைப் போல 250 மடங்கு! வாத்தியார் அவ்வளவு நேரம் தூங்குகிறவர் இல்லை.

"தம்பி, பேடைத் தொடாதீங்க. மவுஸை எடுங்க. ஓ.பி.எஸ்.ஸில மணவறைக் காட்சியை நேரா க்ளிக் பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார். அதே 2 செகண்ட்!

"இப்ப நாதஸ்வரம்?"

க்ளிக் என்றதும் வந்தது. பேடில் அமுக்கினாலும் அப்படியே, பளிச்சென்று.

ஆக, பேட் நிரபராதி. மற்றக் காட்சிக்கெல்லாம் ஓடுகிற ஓ.பி.எஸ்.ஸும் நிரபராதி. மணவறை காமிராவின் ஸெட்டிங்கைத் திறந்தோம். 'டீஆக்டிவேட் வென் நாட் ஷோயிங்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் சமர்த்தாக ஒரு டிக்!

திரையில் இல்லாதபோது காமிராவை அணைத்து வை என்று அர்த்தம். கூப்பிட்டதும் அது எழுந்து, கண்ணைக் கசக்கி, படத்தை அனுப்பி வைக்க ஒன்றிரண்டு செகண்ட் பிடிக்கும். நல்ல வசதிதான், முகூர்த்தத்துக்கு ஆகாது.

"அய்யய்யோ! முந்தின நாள் ரிசப்ஷன்ல லேப்டாப் சூடாச்சுண்ணே. மணவறை காமிரா சும்மா ஓடுதேன்னு டிக் போட்டேன். காலைல எடுக்க மறந்தே போச்சு!"

டிக்கை எடுத்தோம். செலவு பூஜ்யம். சங்கிலி அம்மா கழுத்தில் பத்திரம். காமிராவில் தனியாக மெமரி கார்டும் ஓடியிருந்ததால், மூன்று முடிச்சும் முழுசாக அதில் இருந்தது. அன்றைக்கே டொரண்டோவுக்கு அனுப்பிவிட்டார் தம்பி. பிடித்த பணம் வந்ததா என்கிறீர்களா? பாதி வந்தது. மீதிக்கு, 'வளைகாப்புக்கும் நீதாம்ப்பா' என்று வாக்குறுதி வந்தது.

இது தம்பியின் பெட்டி. உங்கள் பெட்டியில் வேறு வியாதி இருக்கலாம். பிரித்துப் பார்க்கிற வழி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் மவுஸ் டெஸ்ட். மவுஸிலும் லேட் என்றால் பேடை மறந்துவிட்டு ஓ.பி.எஸ்.ஸுக்குள் தேடுங்கள். காட்சி மாறும்போது மங்கி மறைகிற 'ஃபேட்' உங்களைக் கேட்காமலே 300 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். 'கட்' என்று மாற்றினால் உடனே மாறும். எல்லாக் காட்சியுமே திக்கித் திணறினால், ஓ.பி.எஸ்.ஸிலேயே 'ஸ்டாட்ஸ்' என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் தவறவிட்ட படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் லேப்டாப்புக்குச் சுமை தாங்கவில்லை என்று அர்த்தம். காட்சி முன்னோட்டத்தில் மட்டும் மாறி, வெளியே போகவில்லையா? 'ஸ்டுடியோ மோட்' போட்டு வைத்திருக்கிறீர்கள். அதில் இன்னொரு பட்டனும் அமுக்க வேண்டும்.

மவுஸில் டக்கென்று வருகிறது, பேடில்தான் லேட்டா? அடுத்தது நோட்பேட் டெஸ்ட். ஒரு பட்டனுக்கு ஓர் எழுத்தை டைப் அடிக்கிற வேலை மட்டும் கொடுங்கள். எழுத்து உடனே விழுந்தால் பட்டனும் வயரும் சுகம். கோளாறு நீங்கள் கொடுத்திருக்கும் கட்டளையில். நாலு வேலையை ஒரே பட்டனில் கோத்து, நடுவே இடைவெளி வைத்திருப்பீர்கள். அல்லது லேசாக அமுக்கினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை என்று வைத்திருப்பீர்கள். நீங்கள் விரலை எடுக்கிற வரைக்கும் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? காத்திருக்கத்தான் செய்யும்.

எழுத்தும் லேட்டாக விழுகிறதா? இப்போது வயரைச் சந்தேகப்படலாம். நடுவில் ஹப் இருந்தால் பிடுங்கிவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 பாயின்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். தனிக் கரன்ட் இல்லாத ஹப்பில் பேட், மவுஸ், மைக், காமிரா என்று நாலு பேரும் அந்த ஒரே சோற்றைத்தான் பங்கு போட வேண்டும். வயர் நீளம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. மேஜையை மணவறைக்கு எதிர்ப்புறம் போட்டுவிட்டுக் கடை வீதியில் கிடைத்த வயர்களை ஒட்டுப் போடாதீர்கள்.

இன்னொரு அடையாளம்: கொஞ்ச நேரம் சும்மா விட்ட பிறகு முதல் அமுக்கு மட்டும் லேட், அடுத்ததெல்லாம் சரி. இது விண்டோஸின் சிக்கனம். வேலையில்லாத யு.எஸ்.பி.யைத் தூங்க வைக்கும். பவர் ஆப்ஷனில் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

லேட்டா இல்லையா என்று கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல செல்போன்களில் செகண்டுக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷன் இருக்கிறது. விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்து, பட்டன் அமுங்கியதிலிருந்து காட்சி மாறுகிற வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். 24 படம் என்றால் 100 மில்லி செகண்ட். காசில்லாத லேபரட்டரி!

ஒரே ஓர் எச்சரிக்கை. மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நடக்கிற கல்யாணத்தை விட்டுவிட்டு செல்போனில் லைவ் பார்க்கிற ஒரு மாமா இருப்பார். 'இன்னும் தாலியே கட்டலையேப்பா, உன் லைவ்ல' என்பார். அவர் பேச்சைக் கேட்டு எதையும் நோண்டாதீர்கள். யூட்யூபில் சில செகண்ட் பின்னால் வருவது சகஜம். தாமதத்தைக் குறைக்கிற ஸெட்டிங் போட்டாலும் 5, 10 செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோ அண்ணனுக்குக் கல்யாணம் முழுக்கப் பத்து செகண்ட் தள்ளி வந்தாலும் ஒன்றும் குறையாது. மூன்று முடிச்சும் வந்து சேரும். இந்தத் தாமதம் தபால் மாதிரி. பட்டனுக்கும் காட்சிக்கும் நடுவில் விழுகிற 2 செகண்ட் தபால் இல்லை. போனால் போனதுதான். சாஸ்திரிகள் இன்னொரு தரம் கட்டச் சொல்ல மாட்டார்.

எனவே வீடியோக்காரர்களே, மாப்பிள்ளை காசி யாத்திரைக்குக் குடை பிடித்துக் கிளம்புகிற நேரத்தில், லைவுக்கு முன்னால், எல்லாப் பட்டனையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். முந்தின நாள் போட்ட டிக் எல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

மாமாவுக்கு மட்டும் ஒரு காபி கொடுத்து, பந்திப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.